ஸே, டெல், ஸீ, லுக், ஹியர், லிஸன்: ஒரே தமிழ்ப் பொருள் தரும் ஆங்கில வினைகளை எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி: நான் பள்ளிப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்து, பி.காம். பட்டம் பெற்று, திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராகப் பணியாற்றுகிறேன். வெளிநாட்டு பையர்களுக்கு நாள்தோறும் மெயில் அனுப்ப வேண்டும்; அவ்வப்போது வீடியோ காலிலும் பேச வேண்டும். ‘தி டையிங் யூனிட் ஸெட் மீ’ என்று நான் எழுதியதை மேலாளர் ‘டோல்ட் மீ’ என்று திருத்தினார். இன்னொரு மெயிலில் ‘தி பையர் டோல்ட் தட்’ என்று எழுதினேன். அதை ‘ஸெட் தட்’ என்று மாற்றினார். காரணம் கேட்டால் “அப்படித்தான் வரும்” என்கிறார். அகராதியில் இரண்டுக்கும் ‘சொல்’ என்றே பொருள் போட்டிருக்கிறது. ஸீ, லுக், வாட்ச் மூன்றுக்கும் ‘பார்’. ஹியர், லிஸன் இரண்டுக்கும் ‘கேள்’. வீடியோ காலில் ‘ஐ ஆம் நாட் ஹியரிங் யூ’ என்றேன், அதுவும் தவறாம். இவற்றை எப்படிப் பிரித்தறிவது? மனப்பாடம் செய்யப் பட்டியல் ஏதேனும் உண்டா? (வாசகி, திருப்பூர்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மேலாளர் செய்த திருத்தங்கள் சரியானவை. ஆனால் “அப்படித்தான் வரும்” என்பதோடு நீங்கள் நின்றுவிட வேண்டியதில்லை, காரணம் இருக்கிறது. அகராதி தரும் தமிழ்ப் பொருளில் அதைத் தேடினால் கிடைக்காது. அந்த வினைச்சொல்லுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்த்தால் கிடைக்கும்.

தமிழில் யாரிடம், யாருக்கு, எதை என்பதையெல்லாம் வேற்றுமை உருபு சொல்லிவிடுகிறது. ‘பையரிடம் விலையைச் சொன்னேன்’ என்றாலும் ‘விலையைப் பையரிடம் சொன்னேன்’ என்றாலும் பொருள் மாறுவதில்லை, ஏனென்றால் ‘இடம்’ என்பதும் ‘ஐ’ என்பதும் அந்தந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டே போகின்றன. ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் இப்படி ஒட்டிக்கொள்ளும் உருபு இல்லை. அதனால் அந்த வேலையை வினைச்சொல்லும், அதற்கு அடுத்த இடமும், டு, அட், ஃபார் போன்ற ப்ரிபொசிஷன்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆளையா, பேச்சையா, பொருளையா, எதைத் தன் அருகில் நேரடியாக ஏற்பது என்பதில் ஒவ்வொரு வினைக்கும் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கு இடறலாக இருக்கும் சொற்களில் பாதிக்கு மேல் இந்த வழக்கத்தைத் தெரிந்துகொண்டால் தீர்ந்துவிடும்.

ஸே, டெல் இரண்டையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஸே என்பதை அடுத்து வருவது பேச்சு, அதாவது சொல்லப்பட்ட செய்தி. டெல் என்பதை அடுத்து வருவது ஆள். ‘தி பையர் ஸெட் தட் தி கலர் வாஸ் டல்’ என்னும்போது, வண்ணம் மங்கல் என்ற செய்தி ஸெட் என்பதற்குப் பின்னால் நேராக வந்து நிற்கிறது. ‘தி பையர் டோல்ட் அஸ் தட் தி கலர் வாஸ் டல்’ என்னும்போது, முதலில் ‘அஸ்’ என்ற ஆள் வந்து, அதன் பிறகே செய்தி வருகிறது. ஸே என்பதோடு ஆளைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் டு வேண்டும்: ‘ஸெட் டு மீ’. ஆகவே ‘ஸெட் மீ’ என்பதில் டு இல்லாத குறை. ‘டோல்ட் தட்’ என்பதில் ஆள் இல்லாத குறை. நீங்கள் செய்த இரண்டு பிழைகளும் ஒரே விதியின் இரு பக்கங்கள்.

‘டோல்ட் தட்’ என்று எழுத உங்களுக்குத் தோன்றியதற்கு ஒரு நியாயமும் இருக்கலாம். ‘ஐ வாஸ் டோல்ட் தட்’, ‘வீ வேர் டோல்ட் தட்’ என்ற தொடர்களை நீங்கள் பல மெயில்களில் பார்த்திருப்பீர்கள். அவை முற்றிலும் சரியானவை. அது செயப்பாட்டு வாக்கியம் என்பதால், டெல் எதிர்பார்க்கும் ஆள் வாக்கியத்தின் தொடக்கத்துக்கு நகர்ந்து ஐ, வீ என்று எழுவாயாகிவிட்டது. ஆள் எங்கும் போய்விடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

ஆள் இல்லாமலே டெல் வரும் சில தொடர்கள் உண்டு. உண்மை சொல்வது, பொய் சொல்வது, கதை சொல்வது, நகைச்சுவைத் துணுக்குச் சொல்வது, கடிகாரம் பார்த்து மணி சொல்வது ஆகியவற்றுக்கெல்லாம் டெல்தான்: ‘டெல் தி ட்ரூத்’, ‘டெல் எ லை’, ‘டெல் எ ஸ்டோரி’, ‘டெல் எ ஜோக்’, ‘டெல் தி டைம்’. இவற்றை அப்படியே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலுக்கு மிகவும் பயன்படக்கூடிய இன்னொரு பொருளும் இந்த வினைக்கு உண்டு: பிரித்தறிதல். லேப் டிப் (வண்ணம் பார்ப்பதற்காகச் சாயமிட்ட மாதிரித் துணி) இரண்டு வந்து, இரண்டின் ஷேடும் ஒன்றுபோலவே தெரிந்தால், ‘ஐ கான்ட் டெல் தி டிஃபரன்ஸ் பிட்வீன் தீஸ் டூ ஷேட்ஸ்’ என்று எழுதலாம். அங்கே ‘சொல்’ என்ற தமிழ்ப் பொருளை வைத்துப் பார்த்தால் வாக்கியம் புரியாது. பழைய ஆங்கிலத்தில் டெல் என்ற வினைக்கு எண்ணுதல் என்ற பொருளும் இருந்தது. வங்கியில் பணம் எண்ணித் தருபவரை டெல்லர் என்று அழைப்பதும், எண்ணி மாளாத செல்வத்தை ‘அன்டோல்ட் வெல்த்’ என்பதும் அந்தப் பொருளின் எச்சங்கள். ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுவது, ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்து அறிவது, நடந்ததை வரிசையாக ஒருவருக்கு எடுத்துரைப்பது என்று அந்த வினை விரிந்த வழியை நினைத்துக்கொண்டால், இந்தத் தொடர்கள் தொடர்பற்றவையாகத் தோன்றாது.

ஸே என்பதற்கும் தமிழர்கள் பெரும்பாலும் கவனிக்காத பயன்பாடு ஒன்று உண்டு. ‘லேபிளில் 100% காட்டன் என்று போட்டிருக்கிறது’ என்று நாம் பேசுகிறோம். இதை அப்படியே மாற்றி ‘இன் தி லேபிள் இட் இஸ் ரிட்டன்’ என்று எழுதுபவர்களே அதிகம். ஆங்கிலத்தில் லேபிளே சொல்லும்: ‘தி லேபிள் ஸேஸ் 100% காட்டன்’. மெயில் சொல்லும், அறிவிப்புப் பலகை சொல்லும், ஒப்பந்தம் சொல்லும், கடிகாரமும் சொல்லும். ‘யுவர் மெயில் ஸேஸ் தட்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம், சுற்றி வளைத்து எழுதும் மூன்று வாக்கியங்களை மிச்சப்படுத்தும்.

டெல் என்பதில் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘டெல்’, அடுத்து ஆள், அடுத்து ‘டு’ என்ற வரிசையில் வந்தால் அது செய்தி சொல்வதாக இருக்காது, ஆணையிடுவதாகிவிடும். ‘தி பையர் டோல்ட் அஸ் டு சேஞ்ச் தி பட்டன்’ என்றால் பட்டனை மாற்றச் சொல்லி பையர் உத்தரவிட்டார் என்று பொருள்; அதில் தவறில்லை, அவருக்கு அந்த உரிமை உண்டு. அதே அமைப்பை பையரை நோக்கித் திருப்பி, ‘ஐ டோல்ட் யூ டு கன்ஃபர்ம் தி சைஸ் சார்ட்’ என்று எழுதினால், நீங்கள் அவருக்குக் கட்டளையிட்டதாகவும், அவர் கேட்கவில்லை என்று கடிந்துகொள்வதாகவும் அவர் எடுத்துக்கொள்வார். ‘உறுதிப்படுத்தச் சொல்லியிருந்தேனே’ என்று தமிழில் இயல்பாகச் சொல்லும் மனநிலையில் எழுதியிருப்பீர்கள். அவருக்குப் போய்ச் சேருவது வேறொன்று. அங்கே ஆஸ்க் என்ற வினையே பொருத்தம்: ‘ஐ ஹேட் ஆஸ்க்ட் யூ டு கன்ஃபர்ம்’. இதைவிட ‘குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம்’ என்று மறுபடி கேட்பது இன்னும் நல்லது. ‘ஆஸ் ஐ டோல்ட் யூ’ என்பதற்குப் பதிலாக ‘ஆஸ் ஐ மென்ஷன்ட்’ என்று எழுதுங்கள். இலக்கணப் பிழையை பையர் பொருட்படுத்தாமல் விட்டுவிடக்கூடும். அதட்டலாகப் படும் வாக்கியத்தை அவ்வளவு எளிதாக மறக்கமாட்டார். இதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்பீக், டாக் இரண்டும் இவற்றிலிருந்து வேறு. இவற்றில் செய்தி முக்கியம் அல்ல, பேசும் செயலே முக்கியம். ஆகவே ‘ஹீ ஸ்போக் தட்’, ‘ஹீ டாக்ட் தட்’ என்று செய்தியைக் கொண்டுவந்து ஒட்ட முடியாது. இருவர் மாறி மாறிப் பேசிக்கொள்வது டாக். மேடையில் ஒருவர் பேசுவதும், அலுவலக முறையில் பேசுவதும் ஸ்பீக். மொழியைக் குறிக்கும்போது ஸ்பீக் மட்டுமே வரும்: ‘ஐ ஸ்பீக் தமிழ்’. தொலைபேசியில் ஒருவரைக் கேட்கும்போது ‘மே ஐ ஸ்பீக் டு’ என்பதே மரியாதையான வழக்கம். இரண்டிலும் ஆளுக்கு முன்னால் டு வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இவற்றில் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட்டாலும் பெரும்பாலும் குடி முழுகிவிடாது.

சொல்வதோடு உறவுடைய வேறு வினைகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. நீங்கள் கேட்காவிட்டாலும் உங்கள் வேலைக்கு அவை இன்றியமையாதவை. எக்ஸ்ப்ளெய்ன், ஸஜஸ்ட், மென்ஷன், கன்ஃபர்ம் ஆகியவை ஸே வகையைச் சேர்ந்தவை. ஆகவே ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’, ‘ஸஜஸ்ட் மீ’ என்பவை பிழை. ‘எக்ஸ்ப்ளெய்ன் தி ப்ராப்ளம் டு மீ’ என்று சொல்ல வேண்டும். இன்ஃபார்ம், ரிமைண்ட், அஷ்யூர் ஆகியவை டெல் வகை. ‘இன்ஃபார்ம் டு தி பையர்’ என்பதில் அந்த டு வேண்டாம். ரிப்ளை என்பதற்கு டு கட்டாயம் வேண்டும். ‘ப்ளீஸ் ரிப்ளை மீ’ என்று எழுதாதீர்கள்.

டிஸ்கஸ், ரிக்வெஸ்ட், ஆர்டர் ஆகியவற்றுக்குப் பின்னால் தேவையில்லாமல் ஒரு ப்ரிபொசிஷனைச் சேர்ப்பது நம்மிடையே மிகப் பரவலாக இருக்கிறது: ‘டிஸ்கஸ் அபவுட் தி ப்ரைஸ்’, ‘ரிக்வெஸ்ட் ஃபார் எக்ஸ்டென்ஷன்’, ‘ஆர்டர் ஃபார் த்ரெட்’. ‘விலையைப் பற்றி விவாதித்தோம்’ என்பதில் உள்ள ‘பற்றி’ நம்மை அங்கே இழுக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. இவையே பெயர்ச்சொல்லாக வரும்போது அந்த ப்ரிபொசிஷன் சரியானது: ‘அவர் டிஸ்கஷன் அபவுட் தி ப்ரைஸ்’, ‘அவர் ரிக்வெஸ்ட் ஃபார் எக்ஸ்டென்ஷன்’, ‘அவர் ஆர்டர் ஃபார் த்ரெட்’ எல்லாம் நல்ல ஆங்கிலம். வினையாக மாறியவுடன் அது நேரடியாகப் பொருளைத் தொட்டு நிற்கும்: ‘வீ டிஸ்கஸ்ட் தி ப்ரைஸ்’. பெயரா, வினையா என்று ஒரு நொடி யோசித்தால் இந்தப் பிழை நின்றுவிடும்.

இனி ‘பார்’ என்பதற்கு வருகிறேன். தமிழில் இந்த ஒரு வினை சுமக்கும் பாரம் அளவில்லாதது. பெண் பார்க்கிறோம், வேலை பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், டாக்டரைப் பார்க்கிறோம், சாப்பிட்டுப் பார்க்கிறோம். இவற்றில் கண்ணால் காணும் பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஆங்கிலம் அதை மூன்றாகப் பிரிக்கிறது. முயற்சியின்றிக் கண்ணில் படுவது ஸீ; பார்வையை ஒன்றின் மேல் செலுத்துவது லுக்; மாறிக்கொண்டோ அசைந்துகொண்டோ இருப்பதைத் தொடர்ந்து கவனிப்பது வாட்ச்.

வாட்ச் என்பதன் வேர், விழித்திருத்தல் என்ற பொருளுடைய வேக் என்ற சொல்லோடு தொடர்புடையது. இரவில் உறங்காமல் காவல் இருப்பவரை வாட்ச்மேன் என்று தமிழிலேயே சொல்கிறோம் அல்லவா, அந்த விழிப்பே இந்த வினையின் உயிர். ஓடும் இயந்திரத்தைக் கவனிப்பதற்கும், விளையாடும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும், மேட்ச் பார்ப்பதற்கும், தொலைக்காட்சி பார்ப்பதற்கும் வாட்ச் வரும். அசையாத புகைப்படத்தைப் பார்ப்பதற்கு வராது. அங்கே ‘லுக் அட் தி ஃபோட்டோ’ என்பதே சரி. திரைப்படத்துக்கு ஸீ, வாட்ச் இரண்டும் வழக்கில் உண்டு.

லுக் என்பது தனக்கு அடுத்து அட் இல்லாமல் பொருளை ஏற்காது. ‘லுக் தி சாம்பிள்’ என்று எழுத முடியாது. அட் என்பதன் இடத்தில் வேறொன்றை வைத்தால் பொருளே மாறிவிடும்: லுக் ஃபார் என்றால் தேடுவது, லுக் ஆஃப்டர் என்றால் பராமரிப்பது, லுக் இன்டு என்றால் விசாரிப்பது, லுக் ஃபார்வர்ட் டு என்றால் ஆவலோடு எதிர்பார்ப்பது. நம் மொழியும் பார்த்துக்கொள், எதிர்பார் என்று அதே வேரிலிருந்து புதுச்சொற்களை ஆக்கிக்கொள்கிறது. ஆகவே இதை அந்நியமான வழக்கமாக நீங்கள் எண்ண வேண்டாம். மெயிலின் முடிவில் வரும் ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதற்குப் பின் ‘ஹியர்’ என்று எழுதாமல் ‘ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று எழுத வேண்டும். ‘வண்ணம் மங்கலாகத் தெரிகிறது’ என்பதற்கு அட் இல்லாமல் ‘தி கலர் லுக்ஸ் டல்’ என்றால் போதும். அதில் யாரும் எதையும் பார்க்கவில்லை, வண்ணமே எழுவாய்.

ஹியர், லிஸன் இரண்டும் இதே பிரிவினைதான். காதில் விழுவது ஹியர். காது கொடுப்பது லிஸன். லிஸன் என்பதற்குப் பின் பொருளோ ஆளோ வந்தால் டு வேண்டும். ‘சொன்னால் கேட்க மாட்டான்’ என்று நாம் கீழ்ப்படிதலைக் குறிப்பதற்கும் ஆங்கிலத்தில் லிஸன்தான் வரும். ‘கேள்விப்பட்டேன்’ என்பதற்கு ‘ஐ ஹர்ட் தட்’ என்று எழுதலாம்.

உங்கள் ‘ஐ ஆம் நாட் ஹியரிங் யூ’ என்ற வாக்கியத்துக்கு இங்கே விடை சொல்கிறேன். இதற்குத் தமிழே ஒரு நல்ல சோதனையைத் தருகிறது. என் வகுப்புகளில் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். ‘நான் கேட்கிறேன்’ என்பதும் ‘எனக்குக் கேட்கிறது’ என்பதும் ஒன்றல்ல என்பது தமிழ் பேசும் எவருக்கும் தெரியும். முன்னது நான் செய்வது. பின்னது எனக்கு நேர்வது. ‘நான் பார்க்கிறேன்’, ‘எனக்குத் தெரிகிறது’ என்ற இணையும் அப்படியே. தமிழில் ‘நான்’ என்று தொடங்கும் இடத்தில் ஆங்கிலத்தில் லிஸன், லுக், வாட்ச் வரும்; அவை ‘இங்’ விகுதியை ஏற்கும். தமிழில் ‘எனக்கு’ என்று தொடங்கும் இடத்தில் ஹியர், ஸீ வரும். அவை பொதுவாக ‘இங்’ விகுதியை ஏற்பதில்லை. வீடியோ காலில் நீங்கள் சொல்ல நினைத்தது ‘எனக்குக் கேட்கவில்லை’ என்பது. ஆகவே ‘ஐ கான்ட் ஹியர் யூ’. இந்த நொடியில் கேட்கிறதா, தெரிகிறதா என்பதைச் சொல்ல ஆங்கிலம் கேன் என்ற துணைவினையைச் சேர்த்துக்கொள்ளும்: ‘கேன் யூ ஹியர் மீ?’, ‘கேன் யூ ஸீ மை ஸ்க்ரீன்?’

இந்தச் சோதனை ஹியர், ஸீ இரண்டோடு நிற்பதில்லை. எனக்குத் தெரியும், எனக்குப் புரிகிறது, எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று நாம் சொல்லும் இடங்களில் ஆங்கிலத்தில் வருபவை நோ, அண்டர்ஸ்டாண்ட், லைக், வான்ட், ரிமெம்பர். இவற்றில் எதையும் ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்’ என்று சொல்லும் பழக்கம் வேண்டாம். ஹேவ் என்பதில் இது இன்னும் துல்லியமாகப் பொருந்துகிறது. ‘எனக்கு இரண்டு அண்ணன்கள்’ என்றால் ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ என்றே வர வேண்டும், ‘ஹேவிங்’ கூடாது. ‘நான் மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி, ஏனென்றால் அங்கே தமிழிலும் ‘நான்’ வந்துவிட்டது. ஸீ என்ற வினையே சந்தித்தல் என்ற பொருளில் வரும்போது, ‘நாளைக்கு டாக்டரைப் பார்க்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஆம் ஸீயிங் தி டாக்டர் டுமாரோ’ என்று ‘இங்’ ஏற்றுக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

விதிவிலக்குகள் இருக்கின்றன. ‘நம்புகிறேன்’ என்பதில் ‘நான்’ இருந்தாலும் பிலீவ் ‘இங்’ ஏற்காது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதற்கு ஆங்கிலம் வினையே இல்லாமல் ‘ஐ ஆம் ஹங்க்ரி’ என்று பெயரடையைக் கொண்டு முடித்துக்கொள்கிறது. இருந்தாலும் அன்றாடப் பேச்சில் தடுமாறும் நேரத்தில், முதலில் அந்த வாக்கியத்தைத் தமிழில் ‘நான்’ என்று தொடங்குவேனா, ‘எனக்கு’ என்று தொடங்குவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் அது உங்களைக் கைவிடாது.

‘கேள்’ என்பதற்கு வினவுதல் என்ற பொருளும் இருப்பதால் ஆஸ்க் பற்றியும் ஒரு சொல். ‘அவரிடம் கேட்டேன்’ என்பதில் உள்ள ‘இடம்’ உங்களை ‘ஆஸ்க்ட் டு ஹிம்’ என்று எழுத வைக்கும். ‘ஆஸ்க்ட் ஹிம்’ என்பதே சரி. ஒரு தகவலைக் கேட்டால் ஆஸ்க் என்பதற்குப் பின் நேராக அந்தத் தகவல் வரும், ஒரு பொருளையோ சலுகையையோ தரும்படி கேட்டால் ஃபார் வரும். ‘ஆஸ்க் தி ப்ரைஸ்’ என்றால் விலை என்ன என்று விசாரிப்பது. ‘ஆஸ்க் ஃபார் எ டிஸ்கவுன்ட்’ என்றால் தள்ளுபடி தரச் சொல்வது.

‘வை’ என்பதும் உங்கள் மெயில்களில் நிச்சயம் இடறும். ‘சாம்பிளை மேஜையில் வைத்தேன்’ என்பதற்கு ‘ஐ கெப்ட்’ என்று எழுதுபவர்கள் ஏராளம். ஓரிடத்தில் கொண்டுபோய் வைக்கும் செயல் புட். வைத்ததை அங்கேயே இருக்க விடுவது, தன்வசம் வைத்திருப்பது கீப். ‘வேர் டிட் யூ புட் தி கீ?’ என்றால் சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்பது; ‘வேர் டு யூ கீப் தி கீ?’ என்றால் வழக்கமாக எங்கே வைத்திருப்பாய் என்று கேட்பது. ‘மீட்டிங் வைத்திருக்கிறோம்’ என்பதற்கு இரண்டுமே பொருந்தாது. ‘வீ ஹேவ் எ மீட்டிங்’ என்று எழுதுங்கள்.

வருதல், போதல் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. கேட்பவர் இருக்கும் இடத்துக்கு நாம் செல்வதைக் கம் என்றே ஆங்கிலம் சொல்லும். தமிழிலும் ‘நாளை உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன்’ என்றுதான் சொல்கிறோம். வருதலும் தருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் வகுத்துவைத்திருக்கிறது; பேசுபவர், கேட்பவர் இருக்கும் இடத்தை வைத்து வினையைத் தேர்ந்தெடுப்பது நமக்குப் புதிதல்ல. ப்ரிங், டேக் இரண்டும் இதே வழியில் கொண்டுவருதல், கொண்டுபோதல் என்று பிரிந்து நிற்கின்றன. விடைபெறும்போது மட்டும் ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதை ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று மாற்றாதீர்கள். திரும்பி வருவதாக இருந்தால் ‘ஐ வில் பி பேக்’. இல்லையென்றால் ‘ஸீ யூ’.

கடன் வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட். பொருளைத் திருடுவது ஸ்டீல், ஆளிடமோ கடையிலோ கொள்ளையடிப்பது ராப். இவற்றில் தமிழர் அதிகம் தடுமாறுவதில்லை.

நீங்கள் கேட்ட மனப்பாடப் பட்டியல் உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்றுதான்: டூ, மேக். டூ என்பது ஒரு வேலையில் ஈடுபடுவதையும் மேக் என்பது ஒன்றை உண்டாக்குவதையும் குறிக்கும் என்று பொதுவாகச் சொல்லலாம்; ஆனால் அந்த விளக்கத்தைக் கொண்டு எல்லாத் தொடர்களையும் ஊகிக்க முடியாது. தவறு, முடிவு, பணம் செலுத்துதல், லாபம், தொலைபேசி அழைப்பு, ஏற்பாடு ஆகியவை மேக் என்பதோடு வரும்; வியாபாரம், வேலை, வீட்டுப்பாடம், உதவி (ஃபேவர்) ஆகியவை டூ என்பதோடு வரும். ‘தவறு செய்தேன்’ என்ற தமிழ் காரணமாக ‘ஐ டிட் எ மிஸ்டேக்’ என்று எழுதுவது நம்மில் பலருடைய வழக்கம். ‘ஐ மேட் எ மிஸ்டேக்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். இந்தத் தொடர்களை முழுமையாகவே நெட்டுருப் போடுங்கள், விளக்கம் தேட வேண்டாம்.

கடைசியாக, அகராதி. ஆங்கிலம்–தமிழ் அகராதி உங்களுக்குப் பொருளைத் தரும். வினைக்கு அடுத்து என்ன வர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தராது. அதற்கென்றே மொழி கற்பவர்களுக்கான ஆங்கிலம்–ஆங்கில அகராதிகள் இருக்கின்றன. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆசிரியர் தம் துணைவர்களோடு அத்தகைய ஓர் அகராதியைத் தொகுத்தார். அது 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை மறுபதிப்புச் செய்தது. இன்று உலகெங்கும் பயன்படும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழிவந்தது. எந்த வினை எந்த அமைப்பில் வரும் என்பதை வாய்பாடாகத் தந்ததே அந்த அகராதியின் தனிச்சிறப்பு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்களின் இடறலை வகுப்பறையில் நேரில் கண்டவர் செய்த வேலை அது. உங்களுடையதும் அதே இடறல்தான்.

இப்போது இத்தகைய அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு வினையைத் தேடும்போது, பொருளைப் படிப்பதற்கு முன்பே அதன் பக்கத்தில் தடித்த எழுத்தில் உள்ள அமைப்பைப் பாருங்கள். டெல் என்பதன் கீழ் ‘டெல் எஸ்.பி. எஸ்.டி.ஹெச்.’ என்பதுபோல் சுருக்கியோ, முழுச் சொல்லாகவோ எழுதியிருக்கும். எஸ்.பி. என்றால் ஸம்படி, அதாவது ஆள், எஸ்.டி.ஹெச். என்றால் ஸம்திங், அதாவது பொருள் அல்லது செய்தி. ஸே என்பதன் கீழ் ‘ஸே எஸ்.டி.ஹெச். டு எஸ்.பி.’ என்று வரிசை மாறி, நடுவில் டு வந்திருக்கும். உங்கள் குறிப்பேட்டிலும் ‘ரிமைண்ட் = நினைவூட்டு’ என்று மட்டும் எழுதாமல், ‘ரிமைண்ட் ஆள் அபவுட் பொருள்’, ‘ரிமைண்ட் ஆள் டு வினை’ என்று எழுதி, அதற்குக் கீழே உங்கள் வேலையிலிருந்தே ஒரு முழு வாக்கியத்தையும் எழுதுங்கள்: ‘ஐ ரிமைண்டட் தி மில் அபவுட் தி டெலிவரி டேட்’. முதலில் நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் கன்ஃபர்ம், அப்ரூவ், இன்ஃபார்ம், ரிக்வெஸ்ட், அட்வைஸ் ஆகிய ஐந்து வினைகளுக்கு இதைச் செய்யுங்கள். மற்றவற்றை மெயிலில் தடுமாறும் போதெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.